முதலில் எண்ணெய், பிறகு உலை

தருமபுரி மாவட்டத்தில் பயோடீசல் ஆலை தொடங்க நினைப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, எண்ணெய் இடைவிடாமல் ஓடும் தொடர் உலையின் விலையைத்தான். எண்ணெய் எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டால் பதில் தயங்கியே வருகிறது. அரூர், பென்னாகரம் பக்கத்துப் புங்கன் கொட்டை. சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலை ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெய். இரண்டும் நல்ல சரக்கு. ஆனால் ஒரு பீப்பாய் போல அடுத்த பீப்பாய் இருக்காது. மழையில் நனைந்த கொட்டையை ஆட்டினால் அமிலம் ஏறும். ஓட்டல் எண்ணெயோடு தண்ணீரும் வந்து சேரும்.

ஒரு சின்னக் கணக்கு. எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைத்துப் பயோடீசலாக்க, 1000 கிலோ எண்ணெய்க்கு வினையூக்கியாக 5, 6 கிலோ காஸ்டிக் சோடா போடுகிறோம். எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் 5 சதவீதம் இருந்தால், அதை அடக்கவே 7 கிலோ காஸ்டிக் வேண்டும். வினைக்கு எதுவும் மிஞ்சாது. அமிலம் முழுவதையும் அடக்கினால் 50 கிலோவுக்கு மேல் சோப்புதான் மிஞ்சும். பேட்ச் முறையில் ஒரு பேட்சோடு நட்டம் முடியும். தொடர் உலையிலோ அந்தச் சோப்பு பிரிப்புத் தொட்டிக்குள் போய், கிளிசரினைப் பிரியவிடாமல் பால்போலக் குழப்பிவிடும். முன்னால் வந்த நல்ல சரக்கும் சேர்ந்து கெடும்.

அதனால் உலைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பத்து நாள் எண்ணெயைக் கொட்டிக் கலக்கி வைக்க ஒரு தொட்டி கட்டுங்கள். அமிலம் 1 சதவீதத்தைத் தாண்டினால் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து முதலில் அதைக் குறைத்து, தண்ணீரை நீக்கிய பிறகே காஸ்டிக் பக்கம் அனுப்புங்கள்.

உலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கலக்கி பொருத்திய ஒற்றைத் தொட்டியில் சரக்கு சராசரியாக ஒரு மணி நேரம் தங்கினாலும், 15 சதவீதம் முதல் பத்து நிமிடத்திலேயே வெளியேறிவிடும். அதையே அரை மணி வீதம் இரண்டு தொட்டிகளாக்கினால் அந்தப் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே வரும். நடுவில் கிளிசரினை வடித்துவிட்டால் வினையும் முன்னோக்கிப் போகும்.

2009 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலப்பு என்றது. 2018 கொள்கை 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கியது. காட்டாமணக்கை நம்பிய காலத்தில் நம்மைக் கைவிட்டது விதை வரத்து. அந்தப் பாடத்தை மறந்து மறுபடியும் இயந்திரத்திலிருந்து தொடங்கக் கூடாது.

மெத்தனால் பற்றி அழுத்தமாகவே சொல்கிறோம். 1000 கிலோ எண்ணெய்க்கு ஊற்றும் சுமார் 217 கிலோவில் பாதி வினையில் சேர்வதே இல்லை. அது கிளிசரினிலும் பயோடீசலிலும் கலந்து நிற்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். உரிமம் இல்லாமல் ஒரு லிட்டர்கூட வாங்காதீர்கள். மிஞ்சியதைக் காய்ச்சி வடித்து மீட்டு, உள்ளே வந்ததையும் செலவானதையும் தினமும் பதிவேட்டில் எழுதுங்கள். கிளிசரினை மெத்தனாலோடு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தப் பருவத்துப் புங்க எண்ணெய் ஆலைக்கு வரும்போது, ஒவ்வொரு பீப்பாயிலும் மாதிரி எடுத்து அமில அளவைப் பார்த்து, அதைப் பீப்பாய் மேலேயே சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். மூன்று மாதம் எழுதிய கணக்கோடு வாருங்கள். உங்களுக்கு ஏற்ற உலை எது என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.