படுக்கை கிடைக்குமா? படுக்கை வேண்டுமா?

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் ரயில் பாதையில், அம்பாசமுத்திரத்தைத் தாண்டினால் ஆழ்வார்குறிச்சி வரும். கடனா நதியின் தண்ணீரில் நெல் விளையும் பூமி. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களையும் அந்த வட்டாரத்தில் காணலாம். அவர்களில் ஒரு பெண்மணிக்குக் காசநோய் கண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். இருமல் நின்றது; உடம்பும் கொஞ்சம் தேறியது. உடனே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நர்ஸ் வீடு தேடி வருகிறார். அதட்டவில்லை, உட்கார்ந்து விசாரிக்கிறார். மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்பது ஒன்று. சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு பயம் என்பது இன்னொன்று. கடைசியில்தான் உண்மைக் காரணம் வெளியே வருகிறது: "நர்சம்மா, நாலு பேருக்குத் தெரிஞ்சா மவ கலியாணம் தட்டிப் போயிரும்லா!"

சிவப்பு நிறம் மருந்தினால் வருவது, பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் விளக்குகிறார். டாக்டரைக் கலந்துகொண்டு, குமட்டலுக்கு ஒரு வழி செய்கிறார். ஊராருக்குத் தெரியாமல் மாத்திரை வந்து சேர ஏற்பாடு செய்கிறார். அடுத்த வாரம் மறுபடி வந்து, மாத்திரை உள்ளே போகிறதா என்று பார்க்கிறார்.

நர்ஸிங் கல்லூரிகளில் இதற்கு ஐந்து படிகள் சொல்லிக் கொடுக்கிறார்கள். நோயாளியின் நிலையை அறிவது, குறை என்ன என்று தீர்மானிப்பது, திட்டமிடுவது, திட்டப்படி செய்வது, பலன் கிடைத்ததா என்று சோதிப்பது. பிரச்னையைக் கண்டு அதைத் தீர்க்கும் எந்த முறைக்கும் இதுதான் அடிப்படை. குழாய் ரிப்பேர் செய்பவரும் ஏறக்குறைய இப்படித்தான் யோசிக்கிறார்.

ஆராய்ச்சியும் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கிறது. அங்கும் ஒரு கேள்வி, ஒரு திட்டம், ஒரு செயல், ஒரு முடிவு. ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஒரு வார்டில் நடந்த நல்ல காரியத்தை எழுதி, நாலு கணக்குப் போட்டு, 'ஆராய்ச்சி' என்று பெயரிட்டால் ஆராய்ச்சியாகிவிடும் என்ற எண்ணம் இன்று பரவியிருக்கிறது. இது வெறும் பெயர்த் தகராறு அல்ல. எத்தனையோ உயிர்கள் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கின்றன. அதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது.

சென்னையில் பிறந்த கேள்வி

க்ஷயரோகம் என்றாலே குலை நடுங்கிய காலம் அது. சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். ஓய்வு, நல்ல காற்று, சத்துள்ள ஆகாரம் மூன்றும் இல்லாமல் நோய் தீராது. வீட்டில் இருந்தால் பெண்டு பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும். இதுதான் பொதுவான வைத்திய அபிப்பிராயம். ஆனால் நோயாளிகளுக்கு முன்னால் படுக்கைகளின் எண்ணிக்கை மிகமிக அற்பம். அந்நாளைய நர்ஸும் டாக்டரும் என்ன செய்வார்கள்? 'இந்த நோயாளிக்கு எப்படியாவது ஒரு படுக்கை கிடைக்குமா?' என்று அலைவார்கள். கிடைத்தால் ஒரு பிரச்னை தீர்ந்தது. அது புண்ணிய காரியம்தான், சந்தேகமில்லை.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் வேறொரு கேள்வியைக் கேட்டது: 'படுக்கை வேண்டியதுதானா?'

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் அதற்குத் தலைமை வகித்தார். சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற ஒரே மருந்துகள்தான். ஒரு வருஷ சிகிச்சைதான்.

யார் எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானித்தவர் டாக்டர் அல்ல, நர்ஸும் அல்ல. சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறை அதைத் தீர்மானித்தது.

மனம் ஒப்புமா?

இங்கேதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. நர்ஸின் தர்மப்படி பார்த்தால் மிகவும் ஏழையாக, மிகவும் மெலிந்து இருப்பவரையல்லவா முதலில் சானடோரியத்துக்கு அனுப்ப வேண்டும்? சீட்டுப் போட்டு மனிதரைப் பிரிப்பது கல்நெஞ்சம் அல்லவா?

கேள்வி நியாயமானது. ஆனால் நலிந்தவர்களை மட்டும் பொறுக்கி சானடோரியத்துக்கு அனுப்பியிருந்தால், கடைசியில் காணும் வித்தியாசம் சானடோரியத்தால் வந்ததா, பொறுக்கியதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எது மேல் என்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் இப்படிப் பிரிப்பது நியாயம். தெரிந்த பிறகும் பிரித்தால் அது அநியாயம். நர்ஸின் வேலையில் எதிரே இருக்கும் நோயாளியின் தேவையே சட்டம். ஆராய்ச்சியில், இனி வரப்போகும், முகம் தெரியாத நோயாளிகளும் கணக்கில் சேருகிறார்கள். ஆகவேதான் இன்று ஆராய்ச்சிக்கு உட்படுபவரிடம் விஷயத்தை விளக்கிச் சம்மதம் பெற வேண்டும் என்றும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றும் விதிகள் இருக்கின்றன. சிகிச்சை என்று சொல்லி ஆராய்ச்சி செய்வது ஏமாற்று. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வாடிக்கையான வேலையை எழுதி வைப்பது வீண்.

சென்னையில் வீட்டிலிருந்தவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய், மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

முடிவு 1959-ல் வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல ஆகாரம் கிடைத்தது. எடையும் அதிகம் கூடியது. ஆனால் நோய் தீர்ந்ததில் வீட்டுக்காரர்கள் ஏறக்குறைய சமமாக நின்றார்கள். நெருக்கடியான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வில்லாத உழைப்பு எல்லாம் இருந்தும்! குடும்பத்தாரை ஐந்து வருஷம் கவனித்ததில், நோயாளி வீட்டில் இருந்ததனால் அவர்களுக்கு அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பி எழுந்தது. மற்ற நாடுகளும் சென்னையைப் பின்பற்றின.

ஆயிரம் நர்ஸுகள் ஆயிரம் நோயாளிகளுக்கு அலைந்து திரிந்து படுக்கை வாங்கிக் கொடுத்திருந்தாலும், இந்த உண்மை வெளிவந்திராது. பிரச்னையைத் தீர்ப்பவர் கேள்வியை ஒப்புக்கொண்டு பதில் தேடுகிறார். ஆராய்ச்சியாளர் கேள்வியையே சந்தேகிக்கிறார்.

ஆராய்ச்சிக்கும் எல்லை உண்டு

அதற்காக ஆராய்ச்சி சொன்னதை வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. 'சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும்' என்று சென்னையின் முடிவுக்கு அர்த்தம் பண்ணினால் அது பிசகு. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆராய்ச்சியில், நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. சென்னை கேட்ட கேள்வி வேறு. ஜார்க்கண்ட் கேட்ட கேள்வி வேறு. கேட்ட கேள்விக்குத்தான் ஆராய்ச்சி பதில் சொல்லும்.

அப்படியானால் கிராமத்து நர்ஸுக்கு ஆராய்ச்சியில் இடமில்லையா? நிரம்ப உண்டு. ஒரு வீட்டில் கேட்ட 'மவ கலியாணம்' என்ற கவலையைப் பத்து வீட்டில் கேட்கிறார் என்றால், அங்கே ஒரு கேள்வி முளைக்கிறது. ரகசியமாக மாத்திரை கொடுத்தால் சிகிச்சை தடைப்படாமல் நடக்குமா? ஒரு பெண்ணுக்குப் பலித்தது என்பதால் எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. தங்கள் வார்டிலும் தெருவிலும் கேட்ட இத்தகைய கேள்விகளை எடுத்துக்கொண்டால், நர்ஸிங் மாணவிகளின் ஆய்வேடுகள் அலமாரியில் தூசி படியாது.

ஆழ்வார்குறிச்சியில் இன்று ஒரு பெண்மணி தன் பிள்ளைகளைப் பிரியாமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட முடிகிறது. 1956-ல் யாரோ ஒருவர் கேட்கத் துணிந்த கேள்வியின் பலன் அது. அவர் அந்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுகிறார் என்றால், அது வீடு தேடி வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்ட நர்ஸின் பலன். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இரண்டில் எது குறைந்தாலும் நஷ்டம் அந்தப் பெண்மணிக்குத்தான்.