லேப் ரெக்கார்டுல இல்லாத லினக்ஸ்

"ஆர்எம் கமாண்ட் என்ன செய்யும்?"னு வைவாவுல கேட்டா நம்ம எல்லாருக்குமே பதில் தெரியும். ஃபைலை அழிக்கும். நானும் சொன்னேன், மார்க் வாங்கினேன். அதே செமஸ்டர்ல, மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, அதே ஆர்எம்-ஆல என் ஃபோல்டர் மொத்தமும் போச்சு.

நடந்தது இதுதான். 'ப்ராஜெக்ட்'னு ஒரு ஃபோல்டர், 'ப்ராஜெக்ட் ஓல்டு'ன்னு இன்னொண்ணு. பழசை அழிக்கணும். ஆர்எம், ஹைபன் ஆர்எஃப், ப்ராஜெக்ட், ஸ்பேஸ், ஓல்டு, என்டர். நடுவுல இருக்கிற ஸ்பேஸ் பேரோட ஒரு பகுதின்னு நான் நினைச்சேன். ஷெல்லுக்கு ஸ்பேஸ்னா வார்த்தையை வெட்டுற இடம். அதனால அதுக்குப் போனது ரெண்டு பேர்: 'ப்ராஜெக்ட்', 'ஓல்டு'. முதல் ஃபோல்டரை அழிச்சிடுச்சு. 'ஓல்டு'ன்னு எதுவுமே இல்லை, ஆனா எஃப் போட்டிருந்ததால அதைப் பத்தி வாயே திறக்கலை. ரீசைக்கிள் பின்னும் கிடையாது. அழிக்க நினைச்ச பழசு மட்டும் பத்திரமா இருந்துச்சு. ரிவ்யூவுல அதைத்தான் காட்டினேன், கேட்காதீங்க.

தப்பு என்னோடதுதான். ஆனா இருபது கமாண்டை வரிசையா எழுதி, எதிர்ல அர்த்தம் எழுதி, அவுட்புட்டை ஒட்டுற லேப் ரெக்கார்டு எனக்கு இதைச் சொல்லித் தரலைங்கிறதும் உண்மை. நாம டைப் பண்ற வரியை முதல்ல படிக்கிறது ஷெல். அது வெட்டிக் கொடுக்கிறதுதான் கமாண்டுக்குப் போகும். முதல் வாரம் இதை மட்டும் நடத்தினாலே போதும்னு நான் சொல்வேன். பேர்ல ஸ்பேஸ் இருந்தா கோட்ஸ் போடணும். டேப் கீயைத் தட்டினா ஷெல்லே பேரைச் சரியா முடிச்சுக் கொடுக்கும். ஆர்எம் அடிக்கிறதுக்கு முன்னாடி அதே இடத்துல எல்எஸ் போட்டுப் பாருங்க. நான் போட்டிருந்தா, 'ஓல்டு'ன்னு ஒண்ணும் இல்லைன்னு அப்பவே சொல்லியிருக்கும்.

கமாண்ட் பேரெல்லாம் ஏன் இப்படி ரெண்டெழுத்தா இருக்குன்னு யாராவது சொன்னாங்களா? 1969-ல பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை ஆரம்பிச்சப்ப ஸ்கிரீன் இல்லை, டெலிடைப்தான். நொடிக்கு 10 எழுத்து அடிக்கிற மெஷின். இது தெரிஞ்சப்புறம் எனக்கு சிபி, எம்வி மேல இருந்த கோபம் போயிடுச்சு.

பைப்பும் அப்படித்தான். டக்ளஸ் மக்இல்ராய் சொன்ன யோசனை, 1973-ல யூனிக்ஸுக்குள்ள வந்தது. ரெக்கார்டுல அது ஒரு குறி, அவ்வளவுதான். ஆனா அட்டெண்டன்ஸ் ஃபைல்ல உங்க ரோல் நம்பரை கிரெப்ல தேடி, பைப் போட்டு, இன்னொரு கிரெப்ல 'ஆப்சென்ட்' தேடி, கடைசியா டபிள்யூசி ஹைபன் எல் கொடுங்க. கண்டோனேஷன் கட்டணுமான்னு ஒரே வரியில தெரிஞ்சிடும்.

2017 நவம்பர்ல இருந்து உலகத்தோட டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாமே லினக்ஸ்தான். வேலைக்குப் போனா சர்வர்லயும் பெரும்பாலும் இதே கறுப்பு ஸ்கிரீன்தான் வரும். அங்க போற ஃபோல்டர் உங்க மினி ப்ராஜெக்டா இருக்காது. அதனால இன்னிக்கே ரெண்டு காலி ஃபோல்டர் போடுங்க, ஒண்ணோட பேர்ல ஸ்பேஸ் வைங்க, நான் பண்ண தப்பை அதுல பண்ணிப் பாருங்க.