வடிகட்டிக்கும் பாடம் சொல்லுங்கள்

சென்ற மாதம் என் சகோதரியின் மகன் வாடிய முகத்துடன் வந்தான். "நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள், மாமா. ஆனால் அந்த நாள் கடந்துவிட்டது" என்றான். அழைப்பு மடல் அவனுடைய மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியில் ஒன்பது நாட்களாகக் கிடந்திருக்கிறது.

"அந்தப் பெட்டியை நீ திறந்து பார்ப்பதில்லையா?"

"குப்பையை யார் மாமா பார்ப்பார்கள்?"

வாசக நேயர்களே, நம்மில் பலரது பதிலும் இதுதான் அல்லவா?

1978 மே மாதம், அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினி விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டாத மடல்களின் வரலாறு அங்கே தொடங்கியது. 2002இல் பால் கிரஹாம் என்பவர், 18ஆம் நூற்றாண்டின் தாமஸ் பேயீஸ் வகுத்த நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டு இவற்றை வடிகட்டும் முறையை விளக்கி எழுதினார். அம்முறை பரவலாயிற்று. ஒரு சொல் குப்பை மடல்களில் எத்தனை முறை வருகிறது, நல்ல மடல்களில் எத்தனை முறை வருகிறது என்று வடிகட்டி எண்ணி வைத்துக்கொள்ளும். புதிய மடல் வந்ததும் அந்தக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்.

ஆகவே, இரு தரப்பையும் காட்டினால்தான் அதற்கு நீதி தெரியும். ஸ்பேம் அசாசின் என்னும் வடிகட்டி, வழக்கமான அமைப்பில், 200 குப்பை மடல்களையும் 200 நல்ல மடல்களையும் கற்ற பின்னரே இந்தக் கணக்கைப் பயன்படுத்தத் தொடங்குகிறது. நாமோ குப்பையை மட்டும் சுட்டிக்காட்டுகிறோம். தவறாகச் சிறைப்பட்ட நல்ல மடலை மீட்பதில்லை.

தண்டர்பேர்ட் ஆனாலும் ஜிமெயில் ஆனாலும் செய்ய வேண்டியவை எளியவையே. வேண்டாத மடலை வெறுமனே அழித்துவிடாமல், 'ஸ்பேம்' என்று குறியிடுங்கள். தவறாக ஒதுக்கப்பட்ட மடலைப் படித்ததோடு நில்லாமல், 'ஸ்பேம் அல்ல' என்று குறியிடுங்கள். நீங்களே கேட்டுப் பெற்ற செய்தி மடல் சலித்துவிட்டால், அதன்மீது ஸ்பேம் என்று பழி சுமத்தாமல் சந்தாவை நீக்கிக்கொள்ளுங்கள். தவறான சாட்சியம் வடிகட்டியையும் கெடுக்கும்.

வாரம் ஒருமுறையேனும் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் 30 நாட்கள் கடந்தால் அங்குள்ளவை தாமாகவே அழிந்துவிடும்.

மருமகன் அந்நிறுவனத்திற்கு விளக்கம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். இப்போது நாள்தோறும் இரு பெட்டிகளையும் பார்க்கிறான்.