பள்ளத்தில் இறங்குவோருக்கு ஒரு முட்டு

மாநகராட்சி ஆணையர் அவர்களின் சமூகத்திற்கு,

பாதாளச் சாக்கடைக்காக நம் வீதிகளில் தோண்டப்படும் பள்ளங்களைக் குறித்து, தூசியென்றும் போக்குவரத்து இடைஞ்சலென்றும் தங்கள் மேஜையில் வந்து குவியும் விண்ணப்பங்களோடு இதையும் சேர்த்துவிட வேண்டாமென்று பிரார்த்திக்கிறேன். அப்பள்ளங்களுக்குள் இறங்கி நிற்பவர்களைப் பற்றியே எழுத முற்பட்டேன்.

ஆளுயரத்தையும் மிஞ்சிய ஆழத்தில், செங்குத்தான இரு மண்சுவர்களுக்கு நடுவே குனிந்து குழாயின் மூட்டைப் பூசிக்கொண்டிருந்த தொழிலாளிக்கு எங்கள் தெருவில் நான் கண்ட பாதுகாப்பெல்லாம், குறுக்கே செருகிய சில சவுக்குக் கட்டைகளே. அவற்றில் ஒன்று, காலையில் ஆப்பு வைத்து இறுக்கியது, பிற்பகல் வெயிலில் மண் காய்ந்து சுருங்கியதும் தொட்டாலே ஆடிற்று. ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு டன் எடை. தலை வெளியே தெரிந்தாலும், மார்பளவு புதைந்தவன் மூச்சுவிட வழியின்றி மாண்டுபோகக்கூடும்.

அடுத்த தெருவிலோ, புதிதாய்ப் போட்ட கான்கிரீட் தளமொன்றைத் தாங்கி, சென்ட்ரிங் ஆட்கள் ஜாக்கி என்றழைக்கும் இரும்பு முட்டுகள் நெருக்கமாக நின்றிருந்தன. குழாய்க்குள் குழாய் நுழைந்து, துளையில் ஊசி செருகி உத்தேச நீளம் நிறுத்தி, மரையைத் திருகி இறுக்கும் இச்சாதனம், வில்லியம் டி விஜியர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1930களில் இங்கிலாந்தில் பிரசித்தப்படுத்தியது. பள்ளத்தில் படுக்கைவாட்டில் பூட்டுவதற்கென்றே இதன் குட்டை வகையும் உண்டு. மண் சுருங்கினால் மரையை இன்னும் சற்றுத் திருகினால் போதும். ஆனால் வெறும் மண்ணில் முட்டின் தலையை வைத்தால் அது மண்ணுக்குள் புதையுமேயன்றித் தாங்காது; பக்கங்களில் பலகையும், பலகைமேல் நீளவாட்டில் சட்டமும் நிறுத்திய பின்னரே முட்டு. அதையும் மேலிருந்து கீழாகப் பூட்டிக்கொண்டே இறங்கவேண்டும். முட்டுக் கொடுப்பதற்காகவே முட்டில்லாப் பள்ளத்தில் ஒருவனை இறக்குவது என்ன நியாயம்?

ஒன்றரை மீட்டரும் அதற்கு மேலும் ஆழமான பள்ளத்தின் பக்கங்களைச் சரித்து வெட்டவேண்டும், அல்லது முட்டுக் கொடுத்து நிறுத்தவேண்டும் என்று மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி கூறுகிறது. ஆகவே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. கோளாறு ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிறது. தோண்டும் கூலிக்குள்ளேயே 'முட்டுக் கொடுத்தல் உட்பட' என்று அடக்கிவிட்டால், முட்டை விட்டுவிடும் கான்ட்ராக்டருக்கு லாபமும், யோக்கியமாகக் கொடுப்பவருக்கு நஷ்டமும் சித்திக்கின்றன. அத்துறையின் விலைப்பட்டியலோ பள்ளத்துக்குப் பலகையடைத்து முட்டுக் கொடுப்பதைத் தனி இனமாக வைத்து, அடைத்த பக்கத்தின் பரப்பை அளந்து பணம் தருகிறது.

தாங்களும் அடுத்த டெண்டரிலிருந்தே அவ்விதம் தனி இனமாக்கி, இரும்பு முட்டையே விதித்து, இளநிலைப் பொறியாளர் அதை அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே ஆள் இறங்கலாமென்று உத்தரவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இது நடந்தால் உத்தமம். நனைந்த மண் அவகாசம் தருவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நகரவாசி ஒருவன்