சிவரஞ்சனியில் ஓர் அகதி

விடியற்காலையில் வானொலியைத் திருகினால், வந்தே மாதரத்துக்கும் முன்னால், தம்புரா மீட்டலின் மேல் ஒரு வயலின் மெல்ல எழும்பும். திருநெல்வேலியிலும் தில்லி கரோல்பாகிலும் பம்பாய் மாதுங்காவிலும் அதே இசைதான். ஆகாசவாணியின் அடையாள இசை. சிவரஞ்சனியின் சாயல் என்பார்கள் சங்கீதம் தெரிந்தவர்கள். தெரியாதவர்களுக்கும் அது காப்பி வாசனையோடு சேர்ந்து நினைவில் தங்கியிருக்கிறது. இத்தனை கோடிப் பேர், இத்தனை ஆண்டுகள், தினமும் கேட்ட இசை இந்த நாட்டில் வேறு எது? அதை அமைத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ரவிசங்கராக இருக்குமோ என்று இழுப்பார்கள்.

அவர் பெயர் வால்டர் காஃப்மன். இன்றைய செக் குடியரசில் இருக்கும் கார்ல்ஸ்பாட் நகரில் 1907-ல் பிறந்த யூதர். (வானொலி வட்டாரங்களில் வேறு சிலரின் பெயர்களும் அடிபடுவதுண்டு. ஆனால் 1936 வாக்கில் இவர் இசை அமைக்க, மெஹ்லி மேத்தா வயலின் வாசித்தார் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. மெஹ்லி வேறு யாருமில்லை, ஸுபின் மேத்தாவின் தந்தை.)

பெர்லினில் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையமைப்புப் பயின்றவர் காஃப்மன். பிராகில் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வை முடித்தார். தன் பேராசிரியர் நாஜி அனுதாபி என்று தெரிந்ததும், பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். மனைவி கெர்டி, எழுத்தாளர் காஃப்காவின் சகோதரி மகள். 1934-ல் காஃப்மன் பம்பாயில் வந்து இறங்கினார். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று பிற்காலத்தில் கேட்டபோது, அவர் சொன்ன காரணம் ஞானத் தேடல் அல்ல. விசா எளிதாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

வந்த புதிதில் கேட்ட இந்திய இசைத்தட்டுகள் அவருக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை. இங்கேதான் மனிதர் நம் மரியாதையைப் பெறுகிறார். இந்த இசையை அறிவும் இதயமும் உள்ளவர்கள் படைத்திருக்கிறார்கள், கோடிக்கணக்கானவர்கள் ரசிக்கிறார்கள், அப்படியானால் குறை தன் காதில்தான் இருக்க வேண்டும், அது பிறந்த இடத்திலேயே இருந்து கற்பதுதான் வழி என்று முடிவு செய்தார். நம் ஊர் சபாக்களில் மேற்கத்திய இசை என்றதும் 'ஒரே இரைச்சல்' என்று எழுந்து போகிறவர்களில் எத்தனை பேர் இப்படி யோசித்திருப்பார்கள்?

பம்பாயில் அவர் சும்மா இருக்கவில்லை. மெஹ்லி மேத்தா போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டியைத் தொடங்கினார். பவ்னானியின் சினிமாப் படங்களுக்கு வேலை செய்தார். 1937 முதல் 1946 வரை வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேற்கத்திய இசைப் பொறுப்பு. 'அனசூயா' என்று வானொலிக்காகவே ஓர் ஆபரா. கூடவே ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகள், அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நான்கு பேர் வாசிக்கும் இசை. ஒன்றிரண்டு அல்ல, பத்துக்கும் மேல். 1943-ல் 'இந்தியன் சிம்பனி'.

1946-ல் இங்கிலாந்து. பிறகு கனடாவின் வினிபெக் நகரில் சிம்பனி இசைக்குழுவின் கண்டக்டர். 1957 முதல் அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1968-ல் 'வட இந்திய ராகங்கள்', 1976-ல் 'தென்னிந்திய ராகங்கள்' என்று இரண்டு தடிமனான ஆங்கில நூல்கள். கர்நாடக இசை ஆராய்ச்சியாளர்கள் பலர் இந்த இரண்டாம் நூலை நூலகத்தில் புரட்டியிருப்பார்கள். அட்டையில் இருந்த காஃப்மனும் காலை வானொலி காஃப்மனும் ஒருவரே என்று அறிந்தவர்கள் எத்தனை பேரோ!

1984-ல் அவர் இறந்தார். அவரது இசைக்கென்று கடையில் போய்க் கேட்டு வாங்க ஒரு தட்டு வர, மேலும் 36 ஆண்டுகள் ஆயின. 2020-ல் டொரன்டோவின் ஏ.ஆர்.சி. ஆன்சாம்பிள் என்ற குழு, இண்டியானா பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த அவரது கையெழுத்துப் பிரதிகளிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து வாசித்தது. சாண்டோஸ் நிறுவனத்தின் 'மியூசிக் இன் எக்ஸைல்' வரிசையில் அது வெளிவந்தது. இரண்டு குவார்ட்டெட்டுகள், பியானோவோடு இன்னொரு வாத்தியம் சேரும் இரு படைப்புகள், ஏழு பேர் வாசிக்கும் ஒன்று.

கேட்டால் என்ன தெரிகிறது? நம்மில் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ராக ஆலாபனை கிடையாது. சிதாரை ஒட்டவைத்த அலங்காரமும் கிடையாது. ராகத்தின் சில பிடிகளை எடுத்துக்கொண்டு ஐரோப்பிய முறையில் கட்டிக்கொண்டு போகிறார். திடீரென்று ஒரு திருப்பத்தில், இது நமக்குத் தெரிந்த வாடையாயிற்றே என்று காது நிமிர்கிறது. அடுத்த கணம் மத்திய ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது. பார்டோக் போன்ற மேதை இவர் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் குரல் சொந்தக் குரல். இரவல் அல்ல.

இவ்வளவு காலம் ஏன் கண்ணில் படவில்லை? 1990-களில் டெக்கா நிறுவனம், நாஜிகளால் ஒடுக்கப்பட்ட இசையமைப்பாளர்களுக்கென்றே தனி வரிசை வெளியிட்டது. ஷ்ரேக்கர் அதில் மீண்டார். மாணவர் மீளவில்லை. அகதிகளிலும் தரவரிசை இருக்கிறது என்பது என் ஊகம். ஹாலிவுட்டுக்கு ஓடியவர்களுக்கு எழுதி வைக்க ஆள் இருந்தது. பம்பாய்க்கு ஓடியவர் ஐரோப்பியர் கணக்கில் காணாமல் போனவர்; நம் கணக்கிலோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குக்கு வாசித்தவர். இரு வீட்டிலும் இலை போடவில்லை.

காஃப்மனுக்காவது தாள்கள் பத்திரமாக இருந்தன. அதே காலத்தில் தில்லி வானொலியில் இருந்த இன்னொருவரின் கதை இன்னும் வேதனையானது. ஜான் ஃபவுல்ட்ஸ், மான்செஸ்டரில் 1880-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 'வேர்ல்ட் ரெக்வியம்' எழுதினார். 1923 நவம்பர் 11 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து அதை நிகழ்த்தினார்கள். 1926 வரை ஆண்டுதோறும் நடந்தது. பிறகு நின்றது. பி.பி.சி.யோ அவரது மெல்லிசைத் துணுக்குகளை மட்டும் ஓயாமல் ஒலிபரப்பியது. பெரிய படைப்புகளைச் சீண்டுவாரில்லை என்று அவரே புலம்பியிருக்கிறார்.

மனைவி மாட் மக்கார்த்தி அயர்லாந்துக்காரர், வயலின் கலைஞர். அன்னி பெசன்ட்டுடன் முன்பே இந்தியா வந்து, தென்னாட்டு இசையைக் கற்றுப் பாடவும் செய்தவர். கணவருக்கு மேளகர்த்தா அறிமுகமானது இந்த வழியில்தான். ஃபவுல்ட்ஸின் 'த்ரீ மந்த்ராஸ்' என்ற பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்பின் மூன்றாம் பகுதி, ஏழே ஸ்வரங்களுக்குள் நின்றுகொண்டு ஆவேசமாகப் பாய்கிறது. இடையில் வேறு ஸ்வரம் நுழைவதில்லை. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு அபூர்வம் என்பது கேட்டால்தான் தெரியும்.

1935-ல் இந்தியா வந்தார். தில்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவுக்குத் தலைவரானார். இந்திய வாத்தியக்காரர்களைச் சேர்த்து, ஸ்வரம் எழுதிய தாளைப் பார்த்துச் சேர்ந்து வாசிக்கப் பழக்கி, 'இந்தோ-ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா' ஒன்றை உருவாக்கினார். ஹார்மோனியம் நம் கமகங்களைக் கொல்கிறது என்று வானொலிப் பத்திரிகையில் எழுதினார். 1940-ல் வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971 வரை அது நீடித்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டியை வெளியேற்றச் சொன்னவர்களில் ஓர் ஆங்கிலேயரும் உண்டு என்பது வேடிக்கைதான். தடையைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1939-ல் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போன சில நாட்களில், ஏப்ரல் 25 அன்று, காலராவில் இறந்துபோனார்.

1970-களில் மால்கம் மக்டொனால்ட் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் தேடிக்கொண்டு போனபோது, ஃபவுல்ட்ஸின் மகள் வீட்டுக் கார் ஷெட்டில் சவப்பெட்டி அளவில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இந்தியாவில் எலியும் எறும்பும் தின்றது போக எஞ்சிய தாள்கள். அவற்றிலிருந்துதான் ஃபவுல்ட்ஸ் மீண்டும் எழுந்தார். 1980-களின் தொடக்கத்தில் பேர்ல் என்ற சிறிய நிறுவனம் அவரது குவார்ட்டெட்டை எல்.பி.யாக வெளியிட்டது. 1993-ல் லிரிட்டா நிறுவனம் 'த்ரீ மந்த்ராஸ்' சி.டி.யைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் வெளியீடுகளே பின்னர் பல ஆண்டுகள் கடைகளிலிருந்து மறைந்து, 2006-க்குப் பிறகுதான் திரும்ப வந்தன. இடைப்பட்ட காலத்தில் ரசிகர்கள் அதைப் பழைய தட்டுக் கடைகளில்தான் துழாவ வேண்டியிருந்தது. 2004-ல் சகாரி ஒராமோ பர்மிங்காம் இசைக்குழுவைக் கொண்டு மீண்டும் பதிவு செய்தார். 'வேர்ல்ட் ரெக்வியம்' 2007 நவம்பர் 11 அன்று, 81 ஆண்டு மௌனத்துக்குப் பின், அதே ஆல்பர்ட் ஹாலில் ஒலித்தது. அதன் நேரடிப் பதிவு சாண்டோஸ் வெளியீடாகக் கிடைக்கிறது.

பம்பாயில் ரிதம் ஹவுஸ் 2016-ல் மூடப்பட்டது. இனி இவற்றைக் கடையில் போய்ப் புரட்டிக் கண்டுபிடிப்போம் என்று காத்திருக்க வேண்டாம். இப்போது இன்டர்நெட்டில் பெரும்பாலானவை கேட்கக் கிடைக்கின்றன. சிக்கல் வேறு: பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? முதலில் ஒராமோவின் 'த்ரீ மந்த்ராஸ்'. அடுத்து காஃப்மனின் பதினோராம் குவார்ட்டெட். அதுவும் பிடித்துவிட்டால், பெர்லின் வானொலி சிம்பனி இசைக்குழு வாசித்த அவரது ஆர்கெஸ்ட்ரா தொகுப்பு. சிறு நிறுவனத் தட்டுகளோடு வரும் குறிப்புப் புத்தகத்தையும் படியுங்கள். அடுத்த பெயர் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

கிடைக்காதது ஒன்று உண்டு. ஃபவுல்ட்ஸ் இந்தியாவில் எழுதிய 'சிம்பனி ஆஃப் ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்'. அது இன்றுவரை கைக்கு வரவில்லை. ஆர்கெஸ்ட்ராவுக்காக அவர் எழுதித் தந்த இசைத்தாள்களும் அப்படியே. வாசித்த கலைஞர்களின் வாரிசுகள் தில்லியிலோ கல்கத்தாவிலோ இருக்கக்கூடும். பரணைச் சுத்தம் செய்யும்போது, ஐந்து கோடுகளில் கறுப்புப் புள்ளிகள் இட்ட பழைய தாள்கட்டு வந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன்னால் முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.