ஒற்றைக் கேபிளில் தொங்கும் தீவுகள்

சென்னை–அந்தமான் நிகோபார் கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதுவரை செயற்கைக்கோளையே நம்பித் தவித்த தீவுகளுக்கு அது விடிவுதான். ஆனால் அந்தத் தெம்பில் நிர்வாகமும் வங்கிகளும் செய்த காரியம் கண்டனத்துக்குரியது. கடை பில், கப்பல் டிக்கெட், ரேஷன் கைரேகை என எல்லாவற்றையும் கடலுக்கு அப்பாலுள்ள சர்வர்களில் ஏற்றிவிட்டார்கள். தொடர்பு அறுந்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

தீவுகளின் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்), அபர்தீன் பஜாரில் நெட் போன நாளைப் பாருங்கள். அரிசி மூட்டை கடைக்காரரின் கண்முன்னே அடுக்கியிருக்கிறது. அதன் விலையும் இருப்புக் கணக்கும் கிளவுடில் இருக்கின்றன. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கியூஆர் அட்டை உண்டு, பணம் ஏறாது. ஏடிஎம்மும் கைவிரிக்கும். சிகிச்சை முடிந்து ஹட்பேக்குத் திரும்ப வேண்டியவருக்கு டிக்கெட் கவுன்ட்டரில் கிடைக்கும் பதில், ‘சர்வர் டவுன்’. கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்ற கவலை, அந்தக் கவுன்ட்டரை வடிவமைத்தவர்களுக்குத் தெரியுமா?

இது 2004 ஆழிப்பேரலையைக் கண்ட மண். நாட்டின் மிகத் தீவிர நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்துக் கேபிள் அறுந்த டோங்கா, அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் காத்திருந்தது. கடலடி கேபிளைப் பழுதுபார்க்கத் தனிக் கப்பல் வர வேண்டும். நினைத்த மாத்திரத்தில் முடிகிற வேலை அல்ல.

எனவே, நெட் இல்லாமல் ஒரு நாளாவது இயங்கி, தொடர்பு வந்ததும் கணக்கைத் தானே சேர்த்துக்கொள்ளாத எந்த மென்பொருளையும் இங்குள்ள அரசு கவுன்ட்டர்களில் அனுமதிக்கக் கூடாது. அப்படி நெட் இன்றி இயங்கும் மென்பொருள் வரும்வரை, கைப்பட எழுதும் டிக்கெட்டும் ரேஷன் பதிவேடும் செல்லும் என்று எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். இணையமின்றிச் சிறு தொகை செலுத்தும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியிலேயே வழிவகுத்தது. அது முதலில் வேரூன்றியிருக்க வேண்டிய இடம் இந்தத் தீவுகள். வங்கிகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மருத்துவமனை, காவல், துறைமுகம் மூன்றுக்கும் செயற்கைக்கோள் அலைவரிசையைத் தனியே ஒதுக்குங்கள். வேறு வழித்தடத்தில் இரண்டாவது கேபிள் எப்போது என்பதைத் தொலைத்தொடர்புத் துறை தேதி போட்டு அறிவிக்கட்டும்.