ஒன்பது பேர் வீட்டுக்கு ஏழு சீட் கார்

''நாங்கள் அண்ணன் தம்பி கூட்டுக் குடும்பம். மொத்தம் ஒன்பது பேர். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முட்டியிலும் வலி. இந்த முறை மரவள்ளி வெட்டியதில் செலவு போக 4 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. தை மாதம் தங்கை மகளுக்குக் கல்யாணம். அதற்குள் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. தம்பி எர்டிகா என்கிறான். நான் பொலிரோ என்கிறேன். எதை எடுப்பது?''

- வாசகர், சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.

விவசாயப் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நிலம், கிணறு, டிராக்டர், கல்யாணம் இவற்றுக்கு அடுத்தபடியாக ஒரு குடியானவர் மொத்தமாகப் பணம் போடுவது காரில்தான். அதுவும் வருமானம் தராத பொருள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வண்டியின் பெயரை மறந்துவிட்டு, போன வருடத்துக் காலண்டரைக் கையில் எடுங்கள். எந்தெந்த நாளில் எத்தனை பேர் சேர்ந்து வெளியே போனீர்கள் என்று அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கு, வங்கிக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கு என்று போனதெல்லாம் இரண்டு பேர், மூன்று பேராகத்தான் இருக்கும். ஐந்து, ஆறு பேராகப் போனது உறவுக்காரர் வீட்டு விசேஷங்கள். ஒன்பது பேரும் சேர்ந்து கிளம்பியது குலதெய்வம் கோயில் கிடா வெட்டுக்கும், ஆடி 18-க்குக் காவிரிக்கரைக்கும், மிஞ்சினால் பழனிக்கும்தான் இருக்கும். அந்த மூன்று நாலு நாளுக்கு ஏழு சீட் வண்டியும் போதாது. எப்படியும் வேன்தான் பிடிக்க வேண்டும். ஆகவே நீங்கள் வாங்கப் போவது ஒன்பது பேருக்கான வண்டி இல்லை. ஆறு பேருக்கான வண்டி. இந்தக் கணக்கு பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, கடைசி வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள்? ஏழு சீட் காரில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஷோரூமில் விற்பனையாளர் உங்களை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்து, தொடுதிரையைக் காட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் பின்னால் போய் உட்காருங்கள். முட்டி நெஞ்சுக்கு வருகிறதா, தலை இடிக்கிறதா, ஏ.சி காற்று வருகிறதா என்று கால் மணி நேரம் இருந்து பாருங்கள். வீட்டிலிருந்து ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டமாகப் போய் இறங்கினால் சங்கடப்படுவார்கள், படட்டும். பணம் உங்களுடையது.

முக்கியமாக அம்மாவைக் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு வண்டிகளில் எது என்பதை அவருடைய முட்டியே சொல்லிவிடும். பொலிரோவின் தரை உயரம். படியில் கால் வைத்து, மேல் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும். எர்டிகாவில் அப்படி இல்லை. திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எர்டிகாவிலும் அம்மாவால் மூன்றாவது வரிசைக்குப் போக முடியாது. நடு சீட்டை நகர்த்திவிட்டு, குனிந்து நுழைய வேண்டும். எனவே அம்மாவுக்கு முன் சீட் அல்லது நடு வரிசை ஜன்னலோரம் என்பது நிரந்தரம். கடைசி வரிசை பிள்ளைகளுக்கு. அவர்கள் வளர்ந்து உங்கள் உயரம் வந்துவிட்டால் அதையும் யோசிக்க வேண்டும்.

பொலிரோ, பொலிரோ நியோ இரண்டிலும் பின்னால் இருப்பது எதிரெதிராகப் பக்கவாட்டில் உட்காரும் சீட்டுகள். தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போக அது வசதி. சேலம் வரை நாற்கர சாலையில் 80, 90 வேகத்தில் பிள்ளைகளை அதில் உட்காரவைத்துப் போக எனக்கு மனம் வராது. பிரேக் அடித்தால் உடம்பு பக்கவாட்டில் தூக்கிப் போடும். பெல்ட் போட வேண்டும் என்ற சட்டம் பின் சீட்டுக்கும் சேர்த்துத்தான். போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். அபராதம் கிடக்கட்டும், ஏழு சீட்டிலும் தோள் வழியாக வரும் பெல்ட் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.

மோதல் சோதனை முடிவுகளையும் சொல்லிவிடுகிறேன். குளோபல் என்கேப் அமைப்பு 2019-ல் எர்டிகாவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் மூன்று நட்சத்திரம் கொடுத்தது. விதிகளைக் கடுமையாக்கிய பிறகு, 2024-ல் ஒன்றுதான் கிடைத்தது. பொலிரோ நியோவுக்கும் அதே 2024-ல் ஒன்று. டிரைபர் 2021-ல் பழைய விதிப்படி நான்கு. எக்ஸ்யூவி 700, ஸ்கார்பியோ என், சஃபாரி ஆகியவை ஐந்து நட்சத்திர வண்டிகள். ஆனால் அவை உங்கள் 4 லட்சத்தோடு ஒட்டாது. சோதிக்கப்பட்ட வண்டிக்கும் இன்று ஷோரூமில் நிற்பதற்கும் ஏர்பேக் எண்ணிக்கையில் மாற்றம் இருக்கும். அதனால் நீங்கள் எடுக்கும் வேரியன்ட்டில் எத்தனை ஏர்பேக் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சாமான் வைக்கும் இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏழு சீட்டும் விரித்திருந்தால் எர்டிகாவின் பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர் இடம். டிரைபரில் 84 லிட்டர். இரண்டு கட்டைப்பை வைத்தால் நிறைந்துவிடும். டிரைபரில் பின் சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்பது நல்ல வசதி. ஆனால் அதன் இன்ஜின் 999 சி.சிதான். நான்கு பேர் இருக்கும்போது தெரியாது; ஏழு பேரோடு மேடு ஏறும்போது தெரியும். சி.என்.ஜி வண்டி என்றால் சிலிண்டருக்கும் பின்னால் இடம் வேண்டும்.

மேடு என்றதும் கொல்லிமலை ஞாபகம் வருகிறது. உங்களுக்கு அது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலை. பல வருடங்களுக்கு முன் எங்கள் சித்தப்பா ஓட்டிய பழைய ஜீப்பில் பன்னிரண்டு பேர் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு இறங்கினோம். 70 கொண்டை ஊசி வளைவு. சித்தப்பா டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே இறக்கினார். பாதி வழியில் தீய்ந்த வாடை. அடுத்த வளைவில் பிரேக் மிதி தரை வரைக்கும் போய்விட்டது. மலைப்பக்கம் ஓரம் கட்டி, பாறையில் உரசித்தான் வண்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. சின்னம்மா அன்றைக்குக் கீழே நடந்தே இறங்கினார். ஏழு பேர் என்றால் 400 கிலோவுக்கு மேல் எடை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு நாமக்கல் டவுனைச் சுற்றிவிட்டு வராதீர்கள். ஏழு பேரையும் ஏற்றி காரவள்ளியிலிருந்து பத்து வளைவு ஏறி இறங்கிப் பார்க்கக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத ஷோரூமில் வாங்க வேண்டிய அவசியமில்லை.

பெட்ரோலா, டீசலா? எர்டிகாவில் 2020-லிருந்து டீசல் கிடையாது. கேரன்ஸ், பொலிரோவில் உண்டு. இப்போது வரும் பி.எஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப் என்பார்கள். வண்டி நன்றாகச் சூடாகி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். தோட்டத்திலிருந்து பால் சொசைட்டிக்கு மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் என்றே ஓட்டினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். கிராமத்து ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான் தொந்தரவு இல்லாதது.

இனி பணம். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி மாறியிருக்கிறது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கும், அதே நீளத்துக்குள் 1,500 சி.சி வரையிலான டீசல் காருக்கும் 18 சதவிகிதம். அதைத் தாண்டினால் 40 சதவிகிதம். டிரைபரும் பொலிரோவும் முதல் கணக்கில் வரும். எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா இரண்டாவதில். இந்த வரி ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கும். அதற்கு மேல் நம் மாநில ஆயுட்கால சாலை வரி இருக்கிறது. 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவிகிதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவிகிதம். இதில்தான் பலர் இடறுகிறார்கள். 9 லட்சத்து 90 ஆயிரம் விலையுள்ள வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். ஒரு படி மேலே போய் 10 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வண்டியை எடுத்தால் 1,89,000 ரூபாய். அலாய் வீலுக்கும் கேமராவுக்கும் ஆசைப்பட்டு 60 ஆயிரம் கூடுதல் விலை என்று நினைத்தால், வரியிலேயே இன்னொரு 60 ஆயிரம் போய்விடும். விலைப்பட்டியலில் 10 லட்சம் எந்த இடத்தில் வருகிறது என்று முதலில் கோடு போடுங்கள்.

எல்லாம் சேர்த்து 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சம் கட்டினால் 8 லட்சம் கடன். 9 சதவிகித வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். வட்டி மட்டும் 2 லட்சத்தை ஒட்டி வரும். மாதாமாதம் சம்பளம் வாங்குபவருக்கு இது பெரிதாகத் தெரியாது. உங்களுக்கு மரவள்ளி பத்து மாதத்துக்கு ஒரு தடவை. வெட்டும் சமயத்தில் சேகோ ஆலையில் பாயிண்டுக்கு என்ன விலை வைப்பார்கள் என்பது அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆகவே பால் பணமோ, கடை வாடகையோ, யாராவது ஒருவருடைய மாதச் சம்பளமோ இந்த 16,600-ஐத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால், அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை தருவார்களா என்று வங்கியில் கேளுங்கள். கூட்டுறவு சங்கத்தில் உரிய காலத்தில் கட்டினால் வட்டியில்லாமல் கிடைக்கும் பயிர்க்கடனைக் காரில் போடவே கூடாது. அது கரணைக்கும் உரத்துக்கும் கூலிக்குமான பணம். அதைக் காரில் போட்டுவிட்டு, உரத்துக்குக் கந்துவட்டி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் முடிவைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு எர்டிகா பெட்ரோல், 10 லட்சத்துக்குள் அடங்கும் வேரியன்ட். டொயோட்டா ரூமியன் என்பதும் பெயர்ப்பலகை மாறிய அதே வண்டிதான். இரண்டு இடத்திலும் விலை கேளுங்கள். மோதல் சோதனையில் அது கெட்டிக்கார வண்டி இல்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். தெரிந்தே, நிதானமாக ஓட்டுங்கள். தோட்டத்துப் பாதை குண்டும் குழியுமாக இருந்து, மூட்டையும் ஏற்ற வேண்டும் என்றால் உங்கள் பொலிரோ கட்சிக்கும் நியாயம் உண்டு. ஆனால் அப்போது அதை ஐந்து பேர் வண்டியாகத்தான் கணக்கு வைக்க வேண்டும். தை மாதத்துக்குள் என்ற அவசரம் மட்டும் வேண்டாம். கல்யாணத்துக்கு வேன் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மற்ற செலவெல்லாம் முடிந்து, கையில் அந்த 4 லட்சத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு மாசியில் புக் செய்யலாம்.

''ஏழு சீட் கார் வைத்திருக்கிறோம். சும்மா நிற்கும் நாட்களில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு அனுப்பலாமா?''

- வாசகர், திருச்செங்கோடு.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டக்கூடாது. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192-ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, வாடகைக்குப் போனபோது விபத்து நடந்தால் சொந்தப் பயன்பாட்டுக்கான இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. இழப்பீட்டுக்கு நிலத்தை விற்க வேண்டி வரலாம். ஒரு நாள் வாடகைக்கு ஆசைப்பட வேண்டாம்.

''பழைய இன்னோவா டீசல் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?''

- வாசகர், எடப்பாடி, சேலம் மாவட்டம்.

2000-ல் வந்த குவாலிஸை நிறுத்திவிட்டு 2005-ல் இன்னோவா வந்தது. 2016-ல் கிரிஸ்டா. கடைசி வரிசையில் பெரியவர்களும் தாராளமாக உட்காரலாம் என்பதால்தான் இதற்குப் பழைய வண்டிச் சந்தையில் விலை இறங்குவதே இல்லை. அதே காரணத்தால் டாக்ஸியாக ஓடித் தேய்ந்ததும் இதுதான் அதிகம். ஆர்.சியையும், பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணையும் வைத்து, டி-போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டியா என்று பாருங்கள். அப்படியென்றால் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். சர்வீஸ் சென்டரில் பழைய பதிவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, தரை விரிப்புக்கு அடியில் ஊளை வாடை இருந்தால் 2015 அல்லது 2023 சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். பதிவு செய்து 15 வருடம் ஆகப்போகிறது என்றால் எஃப்.சி புதுப்பிக்கும் செலவையும் பசுமை வரியையும் விலையில் கழித்துப் பேசுங்கள். கடனில் எடுத்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. வாங்கிய 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். இன்ஷூரன்ஸையும் அதோடு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.